லரீபாவின் வாசலில் தப்ஸ்

லரீபாவின் இத்தா முடிய இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தபோது உப்பளத் தெரு மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்துச் சென்ற ஊர்வலம் அவள் வாசலைக் கடந்து போனது. ஊர்வலம் போய்விட்டது, அதன் தப்ஸ் சத்தம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

எங்கள் ஊரில் புகுந்த வீடு என்பது ஆண்களுக்குத்தான். நிக்காஹ் நாளன்று மாப்பிள்ளைதான் தாய்வீட்டை விட்டு இறங்கிப் பெண் வீட்டுக்குக் குடிபோவார். அப்படி ஒரு ஆண் தன் ஆயுள் முழுவதையும் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குத் தூக்கிக்கொண்டு நடக்கிற அந்தச் சின்ன நடையைச் சும்மா விடக்கூடாது என்று யார் எப்போது நினைத்தார்களோ, மாப்பிள்ளைக்கு முன்னால் பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையாக நின்று, ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய மரவளையங்களான தப்ஸ்களை இடது கையில் ஏந்தி வலது கையால் கொட்டி, நபிகளாரைப் புகழும் பைத்துகளைப் பாடிக்கொண்டு, முச்சந்தி வந்தால் வட்டமாகச் சுற்றி, மறுபடி வரிசையாகப் பிரிந்து, அசர் தொழுகைக்கும் மக்ரிபு தொழுகைக்கும் இடைப்பட்ட சாயங்கால வெயிலில் போவார்கள். பகலெல்லாம் தப்ஸ்களை மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்துத் தோலுக்குச் சூடு காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் பெண்களின் முகங்கள் இருக்கும்.

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிற வீடு வழியில் வந்தால் மட்டும், குழுத் தலைவர் கையை உயர்த்துவார், பன்னிரண்டு தப்ஸ்களும் நெஞ்சோடு கவிழும், பைத்து பாதி வரியில் நிற்கும், மாப்பிள்ளை தலையைத் தாழ்த்திக்கொள்வார். நாற்பது அடி தூரம் அந்தக் கல்யாணம் ஒரு ஜனாஸாவை, மய்யித்து தூக்கிப் போகிற ஊர்வலத்தைப் போல நடக்கும். நாற்பது அடி தாண்டியதும் மறுபடியும் கல்யாணமாகிவிடும்.

அன்றைக்குக் குழுத் தலைவராக இருந்த மூஸா நெய்னா கையை உயர்த்தவில்லை. மறந்துபோய் அல்ல. அவர் கணக்கில் லரீபாவின் இத்தா முந்தின நாளே முடிந்திருந்தது.

எங்கள் ஊரில் இரண்டு பிறை. பெரிய பள்ளிவாசல்காரர்கள் நம் கண்ணால் பார்த்தால்தான் பிறை என்பார்கள். கடற்கரைப் பள்ளிக்காரர்கள் உலகத்தில் எங்கே தெரிந்தாலும் பிறைதான் என்பார்கள். பெருநாளன்று பாதி ஊர் நெய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மீதிப் பாதி நோன்போடு அந்த வாசனையைக் கடந்து நடக்கும். லரீபாவின் கணவர் ஹபீபு சவுதியில் மௌத்தான நாளில் இரண்டு பள்ளியிலும் ஒரே தேதிதான் இருந்தது. ஆனால் நடுவில் ஷஃபான் மாதம் கடற்கரைப் பள்ளியில் இருபத்தொன்பதில் முடிந்தது, பெரிய பள்ளியில் முப்பதில் முடிந்தது. மூஸா நெய்னா கடற்கரைப் பள்ளி. லரீபாவின் வீடு பெரிய பள்ளி.

எதிர் வீட்டு மைமூன் லாத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏ மூஸா! கையை நிறுத்துப்பா! உள்ள இத்தாவுல பொம்பள இருக்கா!"

"நேத்தோட முடிஞ்சிருச்சே லாத்தா!"

"உனக்கு முடிஞ்சிருச்சு! அவளுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்!"

மூஸா நெய்னா அப்போதுதான் கையை உயர்த்தினார். தப்ஸ்கள் கவிழ்ந்தன. நாற்பது அடி நடந்தார்கள். தெருமுனையில் திரும்பி மறுபடி கொட்டத் தொடங்கியபோது, பன்னிரண்டு உள்ளங்கைகள் தோலில் விழுந்தன, தோல்கள் அதிர்ந்தன, சத்தம் வரவில்லை. வெயிலில் காது அடைத்துவிட்டதென்று ஒருவர் காதுக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். சத்தம் அவர்களுக்குப் பின்னால், குத்துக்கல் தெருவில், லரீபாவின் வாசற்படிக்கு மேலே ஒரு மனிதனின் நெஞ்சு உயரத்தில், ஆள் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே கையை நிறுத்தினால் அங்கே நின்றது. இங்கே கொட்டினால் அங்கே கேட்டது. மக்ரிபுக்கு நேரமாகிக்கொண்டிருந்ததாலும், பெண் வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும் என்பதாலும், மாப்பிள்ளையின் மாமா, "நடங்கப்பா, கைதான் ஆடுதுல்ல, போதும்" என்றார். அவர்கள் நடந்தார்கள்.

அடுத்த கல்யாணத்துக்கு வேறு தப்ஸ்கள் வாங்கிப் பார்த்தார்கள். தோல் மாற்றிப் பார்த்தார்கள். பக்கத்து ஊர்க் குழுவை அழைத்துப் பார்த்தார்கள். அவர்கள் வேனிலிருந்து இறங்கி ஊர் எல்லையில் முதல் கொட்டுக் கொட்டியதுமே அந்தச் சத்தமும் வழி விசாரிக்காமல் குத்துக்கல் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. யாரோ செல்போனை லரீபாவின் வாசலில் வைத்து, ஊர்வலத்தில் ஒலிபெருக்கியோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் காக்கை கரைந்ததும் மைமூன் லாத்தா மீன்காரியோடு பேரம் பேசியதும் கேட்டன. தப்ஸ் மட்டும் கேட்கவில்லை. அதன் பிறகு ஊர் அதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, அதற்கு ஏற்றபடி வாழத் தொடங்கியது.

ஊர்வலங்கள் இரண்டாகப் பிரிந்தன. பார்க்க விரும்பியவர்கள் மாப்பிள்ளையோடு போனார்கள், கேட்க விரும்பியவர்கள் குத்துக்கல் தெருவுக்கு வந்தார்கள். அழைப்பிதழ்களில் நிக்காஹ் நடக்கும் இடம், விருந்து நடக்கும் இடம் இவற்றுக்குக் கீழே, "தப்ஸ் கேட்க: குத்துக்கல் தெரு" என்று மூன்றாவதாக ஒரு வரி அச்சானது. ஆண்களின் பின்னால் தெருத் தெருவாகப் போக முடியாத பெண்களுக்கு இது பெரிய வசதியாகப் போயிற்று. ஊர்வலம் தங்கள் ஜன்னலைக் கடக்கிற அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பதிலாக இப்போது தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழுப் பைத்தையும் உட்கார்ந்து கேட்டார்கள், மைமூன் லாத்தா வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, வெற்றிலை மடித்துக்கொண்டு, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு. சுண்டல் விற்கிறவன் கடற்கரையை விட்டுக் குத்துக்கல் தெருவுக்கு வந்தான். அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகள் தப்ஸ் கேட்டால் தூங்கின, நின்றால் விழித்து அழுதன.

தப்ஸ் மட்டும் அல்ல, அது கொட்டப்படும்போது அந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவில் பேசப்படுகிற பேச்சும் இங்கேதான் வந்து விழுகிறது என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு மாப்பிள்ளையின் பெரியவாப்பா நடுவில் நுழைந்து பக்கத்தில் வந்தவரிடம் எதையோ முணுமுணுக்க, குத்துக்கல் தெருவில் தப்ஸுக்கு மேலே அவர் குரல் தெளிவாகக் கேட்டது: "பொண்ணு வீட்டுக் கஞ்சி குடிச்சு இன்னும் நெஞ்செரிச்சல் போகல, இதுல ராத்திரி வேற விருந்தாம்." பெண்ணின் மாமி அப்போது முற்றத்துப் பாயில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அந்த விருந்தில் பெரியவாப்பாவுக்கு மட்டும் கஞ்சி வந்தது. அதிலிருந்து தப்ஸ் வரிசைக்கு நடுவில் யாரும் வாயைத் திறப்பதில்லை. திறந்தாலும் அங்கே ஒன்றும் கேட்காது. கொட்டுகிற கைகளுக்கு நடுவில் கிணற்றின் அடியைப் போல அமைதியாக இருக்கும். அந்த நடுவில் நின்றவர்கள் தங்கள் இருமல்கூடத் தங்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள்.

இத்தனையும் வாசலில் நடந்துகொண்டிருக்க, உள்ளே லரீபா வெள்ளைச் சேலையை மாற்றவில்லை.

இத்தா முடிந்த மறுநாள் பெண்கள் வந்து குளிப்பாட்டி நிறச் சேலை கட்டிவிடுவது வழக்கம். லரீபாவுக்காக மைமூன் லாத்தா ஊதாவில் ஒரு கைத்தறிச் சேலை எடுத்து வைத்திருந்தாள். லரீபா அதைத் தொடவில்லை. "எனக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கு" என்றாள். ஒரு மாதம் போயிற்று. அதையே சொன்னாள். பெரிய பள்ளியின் ஆலிம்சா வந்து, திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"லரீபாமா, இத்தாங்கிறது நாள் கணக்கு. சத்தம் கேட்டுச்சா, கேக்கலையாங்கிறது அதுல கிடையாது. கடற்கரைப் பிறையிலயும் முடிஞ்சிருச்சு, நம்ம பிறையிலயும் முடிஞ்சிருச்சு. நீங்க தாராளமா வெளிய வரலாம்."

"மார்க்கத்துல முடிஞ்சிருச்சு ஆலிம்சா. நான் இல்லைங்கல."

"அப்புறம் என்ன?"

"எனக்கு முடியல."

இதற்கு மார்க்கக் கிதாபில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று ஆலிம்சாவுக்குத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

ஒரே மகள் ஸுமையாவுக்குத்தான் இதெல்லாம் உண்மையில் கனத்தது. அவளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. இத்தா முடிந்ததும் தேதி வைப்பதாகப் பேச்சு. பையன் துபாயிலிருந்து லீவில் வந்து தாய்வீட்டில் காத்திருந்தான். துல்கஃதா மாதம் முடிந்தால் திரும்பிப் போக வேண்டும். போனால் இனி இரண்டு வருஷம். பையனின் தாயார் முதலில் ஆள் அனுப்பிக் கேட்டாள், பிறகு போனில் கேட்டாள், பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதுதான் ஸுமையாவைப் பயமுறுத்தியது.

"வாப்பா மௌத்தான செய்தி வந்த அன்னைக்கே நீங்க அழல உம்மா. போனை வச்சிட்டு அரிசி களையப் போனீங்க."

"உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"நாலு மாசம் பத்து நாள்ல ஒரு சொட்டுக் கண்ணீர் நான் பாக்கல. இப்ப என்ன புதுசா? யாருக்காக இந்த வெள்ளைச் சேலை? ஊருக்குக் காட்டவா?"

லரீபா மடித்துக்கொண்டிருந்த துணியை முழுதாக மடித்து முடித்தாள். பிறகு சொன்னாள், கடைச் சாமான் பட்டியல் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"உங்க வாப்பாவோட எனக்கு இருபத்திரண்டு வருஷம். அதுல அவங்க இந்த வீட்ல இருந்தது பதிமூணு லீவு. எல்லாத்தையும் சேத்தா மூணு வருஷம் வராது. மத்ததெல்லாம் போன். செத்துப் போனதும் போன்தான். முகத்தைக்கூட நான் பாக்கல, அங்கேயே அடக்கிட்டாங்க. எங்கேருந்து அழறதுன்னு எனக்குத் தெரியலம்மா. அதனால இத்தா நாளை நான் பங்கு வச்சேன். ஒவ்வொரு லீவையும் எடுத்து, வந்து இறங்கின நாள்லேருந்து கார் ஏறின நாள் வரைக்கும், ஒண்ணு விடாம நினைச்சுப் பாத்தேன். ஒரு லீவுக்கு ஒம்பது நாள், பத்து நாள். கடைசி லீவோட கடைசிக் காலைய கடைசி நாளுக்குன்னு வச்சிருந்தேன். அன்னைக்கு அழலாம்னு. அது வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. தொண்டைக்கு வந்திருச்சு. அப்பத்தான் வாசல்ல அடிச்சாங்க."

ஸுமையா நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்கும் அவளுக்கு மனம் வரவில்லை. "ஒரு நாள் சத்தம் இல்லாம இருந்தா போதுமா?" என்றாள்.

"போதும். ஆனா சத்தம் இருக்காதுன்னு முன்னாடியே தெரியணும். எப்ப ஆரம்பிக்குமோன்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தா எனக்கு வராது."

அது கல்யாண மாதம். லீவில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள். கல்யாணம் இல்லாத நாளில் பையன்களுக்குச் சுன்னத் செய்யும் கத்னா இருந்தது, கத்னா இல்லாத நாளில் மதரஸாப் பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடித்த விழா இருந்தது. எது என்றாலும் மூஸா நெய்னாவின் குழு வேண்டும். சத்தம் வேறு தெருவில் கேட்டாலும் கைகள் வேண்டும்.

மூஸா நெய்னா ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் வந்து வாசலில் நிற்பார். பகலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர். கண்ணோரம் எப்போதும் சிவந்திருக்கும். உள்ளே இருப்பவளிடம் நேரே பேசக்கூடாது என்பதால் மைமூன் லாத்தாவிடம் பேசுவார். அவர் பேசுவது உள்ளே நன்றாகவே கேட்கும். இருந்தாலும் மைமூன் லாத்தா எடுத்துச் சொல்வாள்.

"நான் வேணும்னு செய்யலன்னு சொல்லுங்க லாத்தா."

"வேணும்னு செய்யலையாம்டி."

"தெரியும்னு சொல்லுங்க" என்பாள் லரீபா உள்ளேயிருந்து.

"தெரியுமாம்ப்பா. மேல சொல்லு."

"பட்டறையில சுத்தியலை எடுத்து அடிச்சா கையில சத்தம் வருது. தப்ஸ்ல அடிச்சா வரல. தண்ணிக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்குன்னு சொல்லுங்க."

"ரொம்பச் சங்கடப்படுறான்டி."

"ஒரு நாள் அடிக்காம இருக்க முடியுமான்னு கேளுங்க லாத்தா. ஒரே நாள்."

மூஸா நெய்னா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "இதைக் கேக்கவா இத்தனை வெள்ளிக்கிழமை? எந்த நாள்னு சொல்லுங்க, ஊர்ல ஒரு விரல் தோல்ல படாது."

ஆலிம்சாவிடம் போய்ச் சொன்னார்கள். ஆலிம்சா மகிழ்ந்துபோய், இரண்டு பள்ளிக்கும் ஆள் அனுப்பி, துல்கஃதா பிறை எட்டு அன்று ஊரில் யாரும் தப்ஸ் தொடக்கூடாது என்று அறிவிக்கச் செய்தார். கடற்கரைப் பள்ளிக்காரர்கள் அவர்களுடைய பிறை எட்டில் தொடவில்லை. மறுநாள் பெரிய பள்ளிக்காரர்கள் தங்கள் பிறை எட்டில் தொடவில்லை. லரீபாவின் வாசலில் இரண்டு நாளும் தப்ஸ் கேட்டது. முதல் நாள் பக்கத்து ஊர்க் குழுவை வைத்துப் பெரிய பள்ளிக் கல்யாணம், இரண்டாம் நாள் கடற்கரைப் பள்ளிக் கத்னா. பிறை எட்டு முழுக்கத் தப்ஸைத் தொடாமல் இருந்துவிட்டு மறுநாள் கத்னா வீட்டில் நிம்மதியாகக் கொட்டிக்கொண்டிருந்த மூஸா நெய்னாவிடம், "ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருந்தா எல்லாருக்கும் ஒரே நாள்தானே காக்கா?" என்று யாரோ கேட்டார். சொன்னது அந்த வட்டத்துக்குள் கேட்கவில்லை. குத்துக்கல் தெருவில் கேட்டது. மைமூன் லாத்தா ஆலிம்சா வீட்டுக்கு ஆள் விட்டாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்தார்கள். லரீபா சனிக்கிழமை மக்ரிபிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நம் கணக்கில் மக்ரிபோடு மறுநாள் பிறந்துவிடுகிறது. அன்று சாயங்காலக் கல்யாணம் ஒன்று தாமதமாகிப் போய், மக்ரிபு தொழுத கையோடு புறப்பட்டது. கல்யாண வீட்டார் கணக்கில் ஞாயிறு விடியலில்தான் பிறக்கும். மறுநாள் காலை ஆலிம்சா விஷயம் தெரிந்து திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார், உட்காரவில்லை.

"இன்னும் மக்ரிபு வரைக்கும் அமைதியாத்தான் இருக்கும் லரீபாமா. பாதி நாள் இருக்கு."

"பாதி நாள்ல எனக்குப் பாதிதான் ஞாபகம் வருது ஆலிம்சா."

அந்த வாரத்தில்தான் பையனின் தாயார், மாத முடிவில் அவன் போய்விடுவான் என்றும், வேறு இடத்தில் கேட்டு வந்திருக்கிறார்கள் என்றும், லரீபா மனசைக் கஷ்டப்படுத்த விரும்பவில்லை என்றும் சொல்லி அனுப்பினாள். ஸுமையா அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். கழுவிய பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் வியாழக்கிழமை. அசர் தொழுகை முடிந்ததும் வாசலில் தப்ஸ் எழுந்தது. கடைத்தெருவிலிருந்து ஷேகுனா என்ற மாப்பிள்ளையை அழைத்துப் போகிறார்கள் என்று முற்றத்துப் பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். லரீபா எழுந்தாள். வெள்ளைச் சேலைக்கு மேலே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஐந்து மாதத்துக்கு மேலாக அவள் தாண்டாத வாசற்படியைத் தாண்டி, ஆளில்லாமல் கொட்டிக்கொண்டிருந்த அந்தச் சத்தத்துக்குள், மழைக்குள் இறங்குவதுபோலத் தலையைக் குனிந்து இறங்கி, மறுபுறம் வெளியே வந்தாள்.

"லரீபா! எங்கடி போறே?" என்று மைமூன் லாத்தா பாயிலிருந்து எழுந்தாள்.

"சத்தம் இல்லாத எடத்துக்கு."

அவள் கடைத்தெருவுக்கு நடந்தாள். இத்தா முடிந்தும் முடியாத ஒரு பெண் பட்டப்பகலில் வெள்ளையில் தெருவில் நடப்பதைப் பார்த்து ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முச்சந்தியில் தப்ஸ்காரர்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு கைகள் உயர்ந்து விழுந்தன, பன்னிரண்டு வாய்கள் திறந்து மூடின, ஒன்றும் கேட்கவில்லை. லரீபா இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து வட்டத்தின் நடுவில் போய் நின்றாள். மூஸா நெய்னா திகைத்துக் கையை உயர்த்தப் போனார். அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. குத்துக்கல் தெருவில் முற்றத்துப் பாயில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும்.

"நிறுத்தாதீங்க மூஸா காக்கா. நீங்க நிறுத்தினா இங்க சத்தம் வந்துரும்."

அவர் புரிந்துகொண்டார். எப்படிப் புரிந்துகொண்டார் என்று பின்னால் கேட்டதற்கு, தூக்கப் போன கையை இறக்கச் சொல்லித் தரையைக் காட்டினாள், அதுதான் தெரிந்தது என்றார். அவர் தன் ஆட்களுக்குத் தலையை அசைத்தார். பன்னிரண்டு பேரும் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தோளோடு தோள் நெருங்கி நின்று, தெருவைப் பார்த்துக் கொட்டத் தொடங்கினார்கள். அந்த முதுகுகளுக்கு நடுவில் லரீபா தரையில் உட்கார்ந்தாள். ஷேகுனா மாப்பிள்ளை மாலையோடு வெயிலில் நின்றான். அவன் மாமா கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஸுமையா அடுப்படியில் இருந்தாள். வாசலில் உம்மாவின் குரல் கேட்டு, உம்மா எப்போது வெளியே போனார்கள் என்று நினைத்துக்கொண்டே ஈரக் கையோடு வந்தாள். வாசற்படியில் யாரும் இல்லை. எதிரே முற்றத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தப்ஸ் கேட்டது. தப்ஸுக்கு உள்ளே, அவள் பிறந்ததிலிருந்து ஒருமுறையும் கேட்டிராத ஒரு சத்தம், முதலில் மூச்சு இழுப்பதுபோல, பிறகு சேலை கிழிவதுபோலக் கேட்டது. அது தன் உம்மா அழுவது என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"போன தடவை கார்ல ஏறிட்டுத் திரும்ப வந்தீங்களே" என்றது அந்தக் குரல், வாசற்படிக்கு மேலே, ஒரு மனிதனின் நெஞ்சு உயரத்தில். "கண்ணாடியைக் காணோம்னு வந்தீங்களே. கட்டிலுக்கு அடியில பாத்தீங்க, பாத்ரூம்ல பாத்தீங்க, ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்தீங்க. அது உங்க மூஞ்சியிலதாங்க இருந்துச்சு. நான் வந்தப்பவே பாத்துட்டேன். சொல்லல. சொன்னா போயிருவீங்க. தேடட்டும்னு விட்டுட்டேன். நானும் கூடச் சேந்து தேடினேன். அலமாரியைத் திறந்து தேடினேன்…"

அதன் பிறகு சொற்கள் இல்லை. தப்ஸ் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது, அதற்குள் அவள் ஒரே சீராக அழுதுகொண்டிருந்தாள். முற்றத்தில் ஒரு பெண்ணும் அசையவில்லை. சுண்டல்காரன் தள்ளுவண்டியின் விளக்கை ஏற்றாமல் நின்றான். மூஸா நெய்னாவின் ஆட்களுக்கு உள்ளங்கை கன்றிப் போய், ஒருவருக்கு விரல் வெடித்துத் தோலில் ரத்தம் பட்டது. கை மாற்றினார்கள், நிறுத்தவில்லை. இரண்டு பள்ளியிலும் மக்ரிபு பாங்கு எழுந்தபோதுதான் கைகள் கீழே இறங்கின. பாங்குக்கு மட்டும் இரண்டு பள்ளியும் ஒரே நேரம்.

முதுகுகள் விலகின. லரீபா எழுந்து சேலைத் தூசியைத் தட்டினாள். மாப்பிள்ளையைப் பார்த்து, "யாரு வீட்டுப் பிள்ளை? பொண்ணு வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க, போங்க வாப்பா" என்றாள். இப்போது அவள் குரல் அங்கேயே கேட்டது.

சத்தம் தப்ஸ்களுக்குத் திரும்பியதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். திரும்பவில்லை. எங்கள் ஊர் அழைப்பிதழ்களில் இன்றைக்கும் மூன்றாவது வரி அச்சாகிறது. ஒரே ஒரு கல்யாணத்தில்தான் கைகளும் சத்தமும் ஓரிடத்தில் சேர்ந்தன. லரீபா வெளியே வந்த செய்தி கேட்டுத் துபாய்ப் பையனின் தாயார் மறுபடி ஆள் அனுப்பி, துல்கஃதா முடிய நான்கு நாள் இருக்கும்போது அவனே ஸுமையாவின் மாப்பிள்ளையாகக் குத்துக்கல் தெருவுக்குள் நுழைந்து வாசற்படிக்கு வந்தபோது. வந்திருந்தவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள். காதுக்குக் கொஞ்சம் அதிகம் என்றும் சிலர் சொன்னார்கள்.

அந்த வியாழக்கிழமை லரீபா வீடு திரும்பியபோது வாசல் அமைதியாக இருந்தது. முற்றத்துப் பெண்கள் தொழப் போயிருந்தார்கள். ஸுமையா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தாய் ஏறி வர வழிவிட்டு நகர்ந்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"எவ்வளவு நேரம் உம்மா?"

"என்னது?"

"வாப்பா தேடினது."

லரீபா துப்பட்டியைக் கழற்றி மடித்தாள். "கால் மணி நேரம் இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"டிரைவர் ஹாரன் அடிச்சிட்டான்."